கேரவன் சோலார்: வெயில் காய்ந்தும் பேட்டரி ஏறாதது ஏன்?

மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவரும் ஊர் காரைக்குடி. பேட்டரி பற்றி விவரம் தெரிந்தவர்களுக்கு அங்கே குறைவில்லை. ஆனாலும் செட்டிநாட்டிலிருந்து வந்த இந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே தவிப்பு: மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே ‘பேனலை மாத்துங்க, பேட்டரியை மாத்துங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். பணம் செலவழிக்கும் முன் எதை, எங்கே, எப்போது அளப்பது என்பதைத்தான் பதில்களில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

விருந்தினர் தங்குவதற்காக 16 அடி கேரவன் டிரெய்லர் வைத்திருக்கிறேன். கூரையில் 165 வாட் பேனல் இரண்டு, பேரலலாக (பக்க இணைப்பில்). பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் உள்ளே அலமாரியில், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) ட்யூபுலர் பேட்டரி வண்டியின் முன்பெட்டியில். இடையில் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர், 6 மீட்டர் ஓடுகிறது. பகலில் கன்ட்ரோலர் 14.4 வோல்ட் காட்டுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. பேனல் கடைக்காரர் பேட்டரி போச்சு என்கிறார்; பேட்டரி கடைக்காரர் இன்னொரு பேனல் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், கானாடுகாத்தான்

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் ஒதுக்கிவையுங்கள். உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 6 மீட்டர் வயர்தான்.

கன்ட்ரோலர் காட்டும் 14.4 அதன் சொந்த டெர்மினலில் உள்ள வோல்ட். பேட்டரிக்குப் போய்ச் சேர்வது வேறு. நல்ல வெயிலில் உங்கள் இரண்டு பேனலும் சேர்ந்து சுமார் 18 ஆம்பியர் தரும். 2.5 ஸ்கொயர் தாமிர வயருக்கு மீட்டருக்கு 0.007 ஓம் தடை. போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர், அதாவது 0.084 ஓம். 18 ஆம்பியரில் வழியிலேயே 1.5 வோல்ட் விழுந்துவிடும். கன்ட்ரோலர் 14.4 பார்க்கும்போது பேட்டரியில் 12.9தான் இருக்கும். ஆனால் ‘பேட்டரி நிறையப்போகிறது’ என்று நினைத்துக் கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்கத் தொடங்கிவிடும். கரண்ட் குறையக் குறைய வயர் இழப்பும் குறையும் என்பது உண்மைதான். அதற்குள் பகலின் நல்ல நேரம் போய்விடும்.

சோதனை எளிது. உச்சி வெயிலில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரை முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி டெர்மினலில் வையுங்கள். உடனே பேட்டரியின் ஈயத் தூண்களிலேயே நேரடியாக வையுங்கள். தூணில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்பின் கோளாறு தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி வழியில் இருக்கிறது. அடுத்து ஃபியூஸ் ஹோல்டரின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது அல்லது களிம்பு பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் மீட்டரே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெறும் கம்பியை முறுக்கி ஸ்குரூவில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். வயர் முனையில் உலோக லக் போட்டு, கருவியால் அழுத்தி (கிரிம்ப் செய்து) மாட்ட வேண்டும்.

சரிசெய்ய நல்ல வழி, கன்ட்ரோலரையே பேட்டரிக்கு அருகே, ஒரு மீட்டருக்குள், தண்ணீர் படாத தனித் தடுப்பில் கொண்டுவருவது. பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வரும் வாயுவும் அமிலப் புகையும் அதற்கு ஆகாது. இந்த ஒரு மீட்டருக்கு 6 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்தான். கூரையிலிருந்து வரும் பேனல் வயரையும் கவனியுங்கள். 36 செல் பேனலின் வேலை வோல்ட் 18 என்று லேபிளில் இருக்கும். அது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். அப்போது 15 வோல்ட் சொச்சம்தான் மிஞ்சும். அதிலிருந்து வயர் ஒரு வோல்ட்டைத் தின்றால் 14.4-ஐ எட்டவே முடியாது. ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் ஜோடி இழுத்துக் கன்ட்ரோலரில் சேருங்கள். பேனலுக்கும் கூரைக்கும் இடையே நாலைந்து விரற்கடை காற்றோட்டமும் விடுங்கள்.

கழற்றும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே பழுதாகிவிடும். வெயிலில் கரண்ட் ஓடும்போது பேனல் கனெக்டரை இழுத்துப் பிரிக்காதீர்கள், தீப்பொறி வரும். பேனலைத் தடித்த போர்வையால் மூடிவிட்டுப் பிரியுங்கள்.

பேனலைச் சந்தேகித்தால் ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள். எதனோடும் சேராத நிலையில், வெயிலில் 19, 20 வோல்ட் வந்தால் நல்லது. ஆனால் வோல்ட் மட்டும் பார்த்து நல்ல பேனல் என்று முடிவுகட்டக் கூடாது. கரண்ட்டையும் பார்க்க வேண்டும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர் பலவும் ஏ.சி. மட்டுமே அளக்கும், அது இதற்கு உதவாது.

பேட்டரியின் நிலையை விடியற்காலையில், வெயில் ஏறும் முன், எல்லா லோடையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6, 12.7 என்றால் நிறைந்தது; 12.2 பாதி, 12-க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. ட்யூபுலரில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது. முழு சார்ஜில் ஆறு அறைகளும் 1.24-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், அப்போது பேட்டரி கடைக்குப் போகலாம்.

இனி வரவு செலவு. 18 ஆம்பியர், 5 மணி நேர நல்ல வெயில், 90 ஏ.எச். சார்ஜ் இழப்பு போக 75 கையில் நிற்கும். செலவு: 45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 540 வாட் மணி. சாதாரண 50 வாட் மின்விசிறி 9 மணி நேரம், 450. விளக்கு 50. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 15 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 360. கூட்டினால் 1400, ஏறக்குறைய 115 ஏ.எச். வயரைச் சரிசெய்தாலும் நாளுக்கு 40 பற்றாக்குறை! மூன்றாவது பேனலுக்கு முன், 12 வோல்ட்டில் ஓடும் 20 வாட் விசிறி வாங்குங்கள், தேவைப்படும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போடுங்கள். செலவு 62, 65 ஏ.எச். அளவுக்கு இறங்கிவிடும், கணக்கு நேராகிவிடும்.

வேனில் 100 வாட் பேனல் இரண்டு, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். வீட்டின் பின்கட்டுத் தெருவில் மதிலோரம் நிறுத்துகிறோம். மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலின் ஓரத்தில்தான் நிழல் விழுகிறது, ஆனால் கரண்ட் பாதியாகிவிடுகிறது. சீரிஸ் (தொடர் இணைப்பு) நல்லதா, பேரலல் நல்லதா?
— வாசகி, தேவகோட்டை

ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் உங்கள் ஊரில். அந்த நெடும் மதிலின் நிழல் மாலையில் தெருவையே மூடும். பேனலில் செல்கள் எல்லாம் ஒரே தொடரில் இருப்பதால், ஒரு செல் மறைந்தாலே அந்தத் தொடரின் கரண்ட் தடைபடும். 36 செல் பேனலில் வழக்கமாக இரண்டு பைபாஸ் டையோடு இருக்கும். மறைந்த பாதியை அது விலக்கிவிடும். மிஞ்சுவது 9 வோல்ட். பேரலலில் அந்த 9 வோல்ட்டால் 13 வோல்ட் பேட்டரிக்குள் எதையும் தள்ள முடியாது. ஒரு பேனலே வீண். சீரிஸில் 18-உம் 9-உம் சேர்ந்து 27 ஆகிறது, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதைப் பேட்டரிக்கேற்ற வோல்ட்டாக இறக்கி எடுத்துக்கொள்ளும், முக்கால் பங்கு கிடைக்கும். ஆகவே ஓர நிழலுக்கு சீரிஸ்.

ஒரு பேனல் முழுவதும் மறைந்துவிட்டால் நிலைமை தலைகீழ். சீரிஸில் ஒரு பேனலின் வோல்ட் மட்டும் நிற்கும், சூட்டில் அது 15. பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதல் இருந்தால்தான் சில கன்ட்ரோலர்கள் வேலை தொடங்கும். அங்கே பேரலல் நல்லது. உங்களுக்கு ஓரத்தில்தான் நிழல் என்பதால் சீரிஸுக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் குளிர்காலை வோல்ட் இரண்டு பேனலுக்கும் சேர்த்து 45 வரை வரும் என்று வைத்து, கன்ட்ரோலரின் உச்ச வரம்பைப் பாருங்கள். தெருவில் எதிர்ச்சாரி வெயிலாக இருந்தால் வண்டியை அங்கே நகர்த்துவது எல்லாவற்றையும்விட நல்லது.

ட்யூபுலரை எடுத்துவிட்டு 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டோம். இரண்டு வாரம் நிறுத்தி வைத்த பிறகு கன்ட்ரோலர் ‘பேட்டரி இல்லை’ என்கிறது. மீட்டரில் 0 வோல்ட்.
— வாசகர், பள்ளத்தூர்

பேட்டரி சாகவில்லை, பெரும்பாலும் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். காப்புப் பலகை வாசலைச் சாத்திக்கொண்டிருக்கும். கேஸ் டிடெக்டர், ஃபிரிட்ஜின் பலகை, இன்வெர்ட்டர் போன்றவை இரண்டு வாரம் துளித்துளியாக உறிஞ்சியிருக்கும். எல்லா லோடையும் கழற்றுங்கள். லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள 14.4 வோல்ட் சார்ஜரை நேரடியாக மாட்டுங்கள். பூட்டு திறந்ததும் 12-க்கு மேல் ஏறும். பிறகு கன்ட்ரோலரை மாட்டி, பேட்டரி வகை லித்தியம், சார்ஜ் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் (நிறைந்த பின் வைத்திருக்கும் வோல்ட்) 13.5 என்று வையுங்கள். ஈக்வலைஸ் (கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது), வெப்பத் திருத்தம் இரண்டையும் நிறுத்துங்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது திருப்பி அணைக்க, பேட்டரியை ஒட்டி மெயின் ஸ்விட்ச் ஒன்று அவசியம்.

மதியம் மட்டும் சார்ஜ் நின்று, மாலையில் தானே தொடங்கினால் அது வெப்பக் காப்பு. எத்தனை டிகிரியில் நிறுத்தும் என்பது பேட்டரியுடன் வந்த தாளில் இருக்கும். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வண்டிக்குள் நிழலான இடத்தில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து இழுத்து வரும்போது காரே டிரெய்லர் பேட்டரியை ஏற்றிவிடும் என்றார்கள். வந்து பார்த்தால் எதுவும் ஏறவில்லை.
— வாசகர், திருமயம்

ஏறாது. பின்விளக்குப் பிளக்கில் வரும் சார்ஜ் வயர் மெல்லியது, நீளமும் அதிகம். புதிய கார்கள் பலவற்றில், கார் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் தானே வோல்ட்டை இறக்கிவிடும். டிரெய்லர் பேட்டரிக்கு அருகே, இறங்கி வரும் வோல்ட்டை உயர்த்தித் தரும் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டு, காரிலிருந்து குறைந்தது 10 ஸ்கொயர் தனி வயர், இரு முனையிலும் 40 ஆம்பியர் ஃபியூஸ். அப்போது இரண்டு மணி நேரப் பயணத்தில் 35 ஏ.எச். அளவுக்கு ஏறும்.

பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.
— வாசகி, கல்லல்

ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், முழு சார்ஜுக்குப் பிறகு, மிதவை காட்டும் உயர் குறி வரை. ஆசிட் ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே.

உங்கள் கேள்வியில் எங்களுக்குக் கவலை தருவது கட்டிலடி. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியின் உச்சியிலிருந்து ஒரு குழாயும் அடியிலிருந்து ஒரு குழாயும் வண்டிக்கு வெளியே விடுங்கள். அதைச் செய்யும் வரை, சார்ஜ் ஏறும் நேரத்தில் அந்தக் கட்டிலில் யாரையும் படுக்கவிடாதீர்கள், உள்ளே அடுப்பும் பற்றவைக்காதீர்கள்.