சிவப்புச் சுவர் வெள்ளையாக மறுக்கிறதா?

கேள்வி: ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் சிவப்பு அடித்திருந்தோம். இப்போது தந்த நிறத்தில் இரண்டு கோட் எமல்ஷன் அடித்தும் உள்ளிருந்து ரோஜா நிறம் தெரிகிறது. மூன்றாவது கோட் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: போதாது. நாலைந்து கோட் ஆனாலும் ஆகலாம். நீங்கள் விட்டது பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. பழைய பெயின்ட் இருக்கும் சுவருக்கு அது எதற்கு என்று பல பெயின்டர்களே கேட்பார்கள். அடர் நிறத்தை வெளிர் ஆக்கும்போது அதுதான் முக்கியம். எமல்ஷனைவிட விலையும் குறைவு.

முதலில் அலமாரி மறைவில் பழைய சிவப்பு தெரியும் இடத்தை ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் அடியில் இருப்பது டிஸ்டெம்பர், அதாவது ஈரம் பட்டால் கரையும் மலிவான சுவர்ப் பூச்சு. அதைச் சுரண்டி எடுத்தே தீர வேண்டும். மேலே எது அடித்தாலும் பின்னால் செதில் செதிலாக உரியும். ஒட்டாவிட்டால் கவலையில்லை. சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். ஆணி ஓட்டைகளுக்கு அக்ரிலிக் பட்டி போதும். வெள்ளை சிமென்ட் பட்டி பழைய பெயின்ட் மேல் சரியாகப் பிடிக்காது.

12 அடிக்கு 10 அடி சுவர் என்றால் 120 சதுர அடி. தண்ணீரில் கலக்கும் பிரைமர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 2 லிட்டர், எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு இன்னொரு 2 லிட்டர். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள், மழைக்காலமென்றால் மறுநாள்தான்.

தண்ணீர், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம். சுவரை மறைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. தண்ணீர் கூடினால் பூச்சு மெலிந்து அடிநிறம் எட்டிப் பார்க்கும். ரோலர் மூலைக்கும் ஸ்விட்ச் போர்டு ஓரத்துக்கும் எட்டாது. அங்கே பிரஷ்ஷால் பிரைமரும் இரண்டு கோட் அடியுங்கள். சிவப்புக் கோடு மிஞ்சுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: சமையலறைச் சுவரில் பச்சை எனாமல் (பளபளப்பான எண்ணெய் பெயின்ட்) அடித்திருக்கிறது. அதன் மேல் எமல்ஷன் அடிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்க்காமல் அடித்தால் நகத்தால் கிள்ளினாலே உரியும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு சுவரில் இன்னும் இழுபடும். பிறகு டர்பன்டைனில் கலக்கும் பிரைமர் ஒரு கோட், மறுநாள் எமல்ஷன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்து வையுங்கள்.