பன்றிக்கு உண்ணிக் காய்ச்சல்: ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

கேள்வி (செங்குன்றம்): சார், சினையாக இருக்கும் தாய்ப்பன்றி ஒன்று இரண்டு நாளாகத் தீவனத்தைத் தொடவில்லை. இன்று காலை அதன் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் தரையில் கிடந்தது. காது மடிப்பில் உண்ணிகள் இருக்கின்றன. கடையில் வாங்கி ஒரு ஊசி போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உண்ணி கடிக்கும்போது பேபேசியா என்ற ஒட்டுண்ணி ரத்தத்தில் ஏறலாம். அது சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடைந்த அணுவின் நிறம்தான் சிறுநீரில் இறங்குகிறது. கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள்: உள்ளே வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சினையில் கருவும் கலையலாம், அதனால் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

டாக்டரை வரவழைத்து, காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுக்கச் சொல்லுங்கள். ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால், பெரிய வகைப் பேபேசியா சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் ஜோடியாக நிற்கும். பலர் ஊசி போட்டுவிட்டு அப்புறம் தகட்டைக் கொண்டுவருகிறார்கள். மருந்து வேலை செய்தபின் கிருமி கண்ணில் சிக்குவது கடினம். எனக்கு அதில்தான் பெரிய வருத்தம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே? மாதிரியை மட்டும் அனுப்புங்கள், பன்றியை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம். நோய் உறுதியானால் டைமினசீன் ஊசி உண்டு, கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் கணக்கு. எடையை டாக்டரே பார்த்துப் போடட்டும்.

கேள்வி (ஆவடி): இது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருந்தால், டாக்டர்?

பதில்: அது வைரஸ், 2020-இல் இந்தியாவுக்குள் வந்தது. குணப்படுத்த மருந்து இல்லை. காதும் வயிறும் ஊதா நிறமாகி, அடுத்தடுத்துப் பன்றிகள் செத்தால், அறுத்துப் பார்க்காதீர்கள். உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (தாம்பரம்): எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். பன்றிக்கும் தொற்றுமா?

பதில்: தொற்றாது. நாயின் பேபேசியா வேறு, பன்றியினுடையது வேறு.

கேள்வி (பூந்தமல்லி): உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் போதாதா அண்ணா?

பதில்: போதாது தம்பி. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தாயின் கிருமி முட்டை வழியே குஞ்சுக்கும் போகிறது. அதனால் விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், கொட்டகையைச் சுற்றிப் புல்லை வெட்டுங்கள். பன்றி மேல் அடிக்கும் உண்ணி மருந்தை டாக்டர் சொன்ன அளவில், காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும் படுகிற மாதிரி அடியுங்கள். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.