பால் கொட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது?

கேள்வி: கொரோனா சமயத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்ததாமே, சின்ன விவசாயிக்கும் போய்ச் சேர்ந்ததா?

பதில்: சேர்ந்தது, ஆனால் போதவில்லை. 2020 ஏப்ரலில் பள்ளிக்கூடமும் ஓட்டலும் மூடிக்கிடக்க, விஸ்கான்சின் மாநிலப் பண்ணைகளில் விடிகாலையில் கறந்த பாலை வாங்க ஆளில்லாமல் சாணிக்குழிக்குத் திறந்துவிட்டார்கள், அந்த மாதமே 1,600 கோடி டாலர் நேரடி உதவி என்று அறிவிப்பு வந்தது. மே 26 முதல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விவசாய அலுவலகத்தில் மனு. சேரவேண்டிய தொகையில் முதலில் 80 சதவீதம், மிச்சம் அப்புறம். சரி, கணக்கு எப்படி? பாலையும் மாட்டையும் விளைச்சலையும் அளந்துதான் பணம், ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதாவது பெரிய பண்ணைக்குப் பெரிய காசோலை. ஐம்பது மாட்டை வைத்துக்கொண்டு கடனில் தவிப்பவருக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.