வாய் அசையாத எஞ்சின்கள்

போன இதழில் மாதிரி ரயிலைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில் தண்டவாளத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆகவே மாடித் தோட்டக் கேள்விகளுக்கு இந்த மாதம் விடுமுறை. செம்பருத்திக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு முப்பத்தைந்து வயது. இரவு வேலை முடித்து வந்து, தாமஸ் எஞ்சினின் பழைய கதைகளைப் போட்டுப் பார்க்கிறான். என் மகன் பார்க்கும் புதிய தாமஸ் ஓடினால் எழுந்து போய்விடுகிறான். "இது தாமஸே இல்லை அக்கா" என்கிறான். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, அவனுக்குத்தான் வயதாகிவிட்டதா?
— வாசகி, திருச்சி

நான் உங்கள் தம்பியின் கட்சி. வித்தியாசம் எடையில் இருக்கிறது.

தாமஸ் என்ற எஞ்சினும் அவன் கூட்டாளிகளும் முகத்தோடு ஓடும் குழந்தைகள் தொடர் அது. 1984-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கியபோது, அதில் ஓடியவை வரைந்த எஞ்சின்கள் அல்ல. 45 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும், கையில் எடுத்தால் கனக்கும் மாதிரிகள். பிரிட் ஆல்க்ராஃப்ட் தயாரித்தார், டேவிட் மிட்டன் இயக்கினார். மேசைமேல் ஊரையே கட்டி, கேமராவைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி வைத்துப் படம் பிடித்தார்கள். புகை நிஜப் புகை. பெட்டிகள் கவிழ்ந்தால் நிஜமாகவே கவிழ்ந்தன. ஒரு பொருள் விழும்போது அதன் கனம் கண்ணுக்குத் தெரியும். குழந்தையின் கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிரித்த முகம், சிணுங்கிய முகம், திடுக்கிட்ட முகம் என்று ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியாகச் செய்து வைத்திருந்தார்கள். காட்சிக்குக் காட்சி கழற்றி மாட்டுவார்கள். ஓடும் காட்சியில் அசையக்கூடியவை கண்கள் மட்டும். அவற்றை எட்ட இருந்து இயக்கினார்கள். வாய் அசையாது. அதனால் எல்லா எஞ்சினுக்கும் சேர்த்து ஒருவரே பேச வேண்டியிருந்தது. பிரிட்டனில் முதல் இரண்டு பருவங்களுக்குக் குரல் கொடுத்தவர் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே ராமனாகவும் கூனியாகவும் பேசுவதைப் போல, கார்டன் என்ற எஞ்சினின் கர்வமும் பெர்சி என்ற எஞ்சினின் குறும்பும் அவர் ஒருவரின் தொண்டையிலிருந்தே வந்தன. மீதியைப் பார்க்கிற பிள்ளை போட்டு நிரப்பிக்கொண்டது. உங்கள் தம்பியும் நிரப்பியிருப்பார். சொந்தமாகப் போட்டது அவ்வளவு எளிதில் மறக்காது.

பிறகு கணினி வந்தது. 2009-லிருந்து உதடுகள் அசைகின்றன, ஆளுக்கொரு குரல். 2021-இல் வந்த புதிய தொடர் தட்டையாக வரைந்த கேலிச்சித்திரப் படம். அதில் எஞ்சின்கள் துள்ளிக் குதிக்கின்றன. எஞ்சின் துள்ளினால் ரயில்வேயில் அதற்குத் தடம்புரளல் என்று பெயர். உங்கள் மகன் ரசித்தால் ரசிக்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனோடு உட்கார வைத்துப் பழையதில் ஒன்றைக் காட்டுங்கள்.

ஹென்றியைச் சுரங்கத்துக்குள் வைத்துச் சுவர் எழுப்பிய கதையைப் பார்த்துவிட்டுச் சிறுவயதில் தேம்பித் தேம்பி அழுதேன். குழந்தைகளுக்கு இப்படியா கதை சொல்வது?
— வாசகி, கோயம்புத்தூர்

அதே தாமஸ் கூட்டத்தில் ஹென்றியும் ஓர் எஞ்சின். மழையில் நனைந்தால் தன் பச்சை வண்ணம் கெட்டுவிடும் என்று சுரங்கத்தை விட்டு வெளியே வர மறுக்கிறான் ஹென்றி. பயணிகள் இழுத்துப் பார்க்கிறார்கள், தள்ளிப் பார்க்கிறார்கள். கடைசியில் அதிகாரி தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார். கதை அங்கேயே முடிந்தும் போகிறது. கொடுமைதான்.

எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்குச் சொல்லத் தொடங்கிய கதைகள் 1945-இல் புத்தகமாயின. அழுதது நீங்கள் மட்டுமல்ல. ஹென்றியை அப்படியே விட்டுவிடக் கூடாது, அந்தப் புத்தகத்தின் மூன்று எஞ்சின்களையும் சேர்த்து இன்னொரு கதை வேண்டும் என்று பதிப்பாளரே கேட்டார். கார்டன் பழுதாகி நிற்க, ஹென்றியை வெளியே விட்டு வண்டியை இழுக்க வைக்கும் கதை அப்படி வந்ததுதான். தாமஸ் அந்த முதல் புத்தகத்தில் கிடையாது. அவன் 1946-இல்தான் வருகிறான். அதற்கு முன்பே துடைப்பக் கம்பிலும் மரத்துண்டுகளிலும் மகனுக்கு அப்பா செய்து கொடுத்த பொம்மையாக இருந்தான். புத்தக ஓவியத்தில் அவனுக்கு அமைந்தது இங்கிலாந்தின் பிரைட்டன் பட்டறையில் கட்டப்பட்ட ஈ2 ரக எஞ்சினின் உருவம். அந்த ரகத்தில் பத்தே பத்து எஞ்சின்கள். 1960-களின் தொடக்கத்தில் கடைசி எஞ்சினும் உடைசலுக்குப் போய்விட்டது, ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த ரகத்தை இரும்பு விலைக்குப் போட்டுவிட்ட நாட்டை என்னவென்று சொல்வது!

ஆட்ரி ரயில் விஷயத்தில் மகா கறார். பெர்சியை ஓவியர் டால்பி வரைந்த விதத்தைப் பார்த்து, சிவப்புக் கோடு போட்ட பச்சைக் கம்பளிப்புழு என்று கடிந்துகொண்டார். அந்த ஓவியர் பிறகு விலகியே போனார். பாதிரியார் சும்மா ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. தன் கதையில் வரும் கிளைப்பாதையைத் தானே மாதிரியாகக் கட்டிக் கண்காட்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவனாக லண்டன் வந்து சேர்ந்தேன். ஆங்கிலம் பிடிபடாத காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு ரயில் படம் பார்த்த ஞாபகம். எஞ்சின் பாடகர் குழுவில் பாடும். அதற்குள் ஒரு குட்டி டிராகன் இருக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கனவு கண்டேனா?
— வாசகர், லண்டன்

கனவில்லை, அண்ணே. ஐவர் என்பது அந்த எஞ்சினின் பெயர். வேல்ஸ் நாட்டின் மூலையில் ஓடும் பச்சை எஞ்சின். ஓட்டுநர் ஜோன்ஸ். பாடகர் குழுவில் சேர ஆசைப்பட்ட ஐவருக்கு, நீராவியில் இயங்கும் திருவிழா ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய்களை ஊதலாகப் பொருத்திக் கொடுத்தார்கள். நெருப்புப் பெட்டிக்குள் குடியிருந்த டிராகனின் பெயர் இட்ரிஸ். சூடு குறைந்தால் அதற்கு ஆகாது.

ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் ஃபர்மின் என்ற இருவர் சேர்ந்து செய்தது. ஃபர்மின் வரைவார், போஸ்ட்கேட் எழுதிப் படம் பிடிப்பார். கேன்டர்பரிக்கு அருகே ஃபர்மினின் பழைய மாட்டுத் தொழுவம்தான் அவர்களுடைய ஸ்டுடியோ. அட்டையில் வெட்டிய எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். 1959-இல் கறுப்பு வெள்ளை, 1975-இலிருந்து வண்ணம். எஞ்சின் மூச்சு வாங்கும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அது எந்த ரயிலிலும் பதிவு செய்ததல்ல. போஸ்ட்கேட் தன் வாயாலேயே போட்ட சத்தம். மொழி புரியாத பிள்ளைக்கு அது ஒன்று போதுமே, கதை புரிந்துவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு சிரிக்கட்டும்.

மாதிரி ரயில் அளவுகளில் ஓஓ (OO), ஹெச்ஓ (HO), என் (N) என்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு படுக்கையறை வீடு. எதை வாங்குவது?
— வாசகர், மதுரை

ஹெச்ஓ என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். என் என்பது 160-இல் ஒரு பங்கு, பாதை 9 மில்லிமீட்டர். அந்த என் அளவில் பிரிட்டிஷ் மாதிரிகள் மட்டும் 148-இல் ஒரு பங்கு. ஓஓ பிரிட்டிஷ்காரர்களின் தனி வழக்கு. அவர்களுடைய நிஜ எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. அதை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடலை 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் உடலுக்குக் கால் இடுக்கம். இந்தக் குறையை வைத்து அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். நீங்கள் அதில் சேர வேண்டாம்.

என் கட்சி இது: முதல் செலவை வட்டப் பாதையில் போடாதீர்கள். வட்டத்தில் ரயில் சுற்றும், நீங்கள் பார்ப்பீர்கள், பத்தாம் சுற்றில் காபி போட எழுந்து போவீர்கள். அதற்குப் பதிலாக இங்கிள்நுக் என்ற ஷண்டிங் பலகையை, அதாவது வேகன்களை இடம் மாற்றி வரிசைப்படுத்தும் பலகையை, கட்டுங்கள். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் வகுத்தது. ஓஓ அளவில் சுமார் நான்கு அடி நீளப் பலகை போதும், புத்தக அலமாரியின் மேலேயே வைக்கலாம். தடம் பிரியும் இரண்டு பாயின்ட்கள், மூன்று கிளைகள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் ஒதுங்கும் முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே கொள்ளும். எட்டு வேகன்களுக்குச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் கோத்து நிறுத்த வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம். பார்க்க அற்பமாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். என் வீட்டுப் பலகையில் மனைவி என்னைவிட வேகமாகக் கோக்கிறாள். அதைப் பற்றி மேலும் கேள்வி அனுப்ப வேண்டாம்.

பலகையை இடுப்பு உயரத்தில் வைக்காமல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மை. கண் தண்டவாள மட்டத்துக்கு வந்தால் ரயில். தாமஸ் தொடரை எடுத்தவர்கள் செய்ததும் அதுதான்.

அறுபத்தோரு வயதில் பொம்மை ரயில் வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?
— வாசகர், கும்பகோணம்

பேரனுக்கு என்று சொல்லுங்கள். பேரன் இல்லாவிட்டால், பேரன் வரும்போது என்று சொல்லுங்கள்.

புதிதாக வாங்கிய குட்டி எஞ்சின் நின்று நின்று போகிறது. விரலால் தட்டினால் ஓடுகிறது. கடைக்காரர் மோட்டார் போய்விட்டது என்கிறார்.
— வாசகி, சென்னை

மோட்டார் போயிருந்தால் தட்டினாலும் ஓடாது. அழுக்கு. இந்த எஞ்சின்களுக்கு 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிறது. தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். அதில் கறுப்பாக ஒரு படலம் படிந்தால் தீர்ந்தது. கடற்காற்று அடிக்கும் ஊரில் சீக்கிரமே படியும்.

எஞ்சினை மல்லாத்திப் பாருங்கள். சக்கரத்தின் உருளும் பரப்பில், சட்டியின் அடியில் ஒட்டிய கரிபோல ஒரு வளையம் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பாதி துணிமேலும் மறு பாதி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். திருப்பி வைத்து மறுபாதிக்கும் செய்யுங்கள். தண்டவாளத்தையும் அதே துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும்.

அப்படியும் பாயின்ட் மேல் மட்டும் நின்றால், இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் அந்த மூக்குப் பகுதி பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். அங்கே மின்சாரம் இல்லை. நீள எஞ்சின் தாண்டிவிடும், குட்டி எஞ்சின் மாட்டிக்கொள்ளும்.

ஊட்டி ரயிலை மாதிரியாகச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
— வாசகர், மேட்டுப்பாளையம்

கொடுத்து வைத்தவர் நீங்கள், நிஜம் வாசலிலேயே நிற்கிறது. அது மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். ஹெச்ஓ கணக்கில் 11.5 மில்லிமீட்டர் வரும். சுவிட்சர்லாந்து மலை ரயில் மாதிரிகளுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறையப் பொருந்தும். நிஜ எஞ்சின்களின் குலமும் சுவிட்சர்லாந்துதான், பழையவை அங்கே வின்டர்தூர் பட்டறையில் பிறந்தவை.

கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவில், எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பற்சட்டம் ஓடுகிறது. அதை முதல் முயற்சியில் தொடாதீர்கள். கல்லாறு நிலையத்தை மட்டும் சமதளத்தில் கட்டுங்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும் என்பதை மறக்க வேண்டாம். முன்னால் மாட்டி இழுக்க வைத்தால் ஊர்க்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். தள்ளும் வண்டியில் பெட்டி லேசாக இருந்தால் வளைவில் வெளியே சாயும். ஒவ்வொரு பெட்டியின் தரையிலும், சக்கரங்களுக்கு நேர்மேலே, ஈயத் துண்டு ஒட்டிக் கனமாக்கிவிட்டு ஓட்டுங்கள்.