பிளாஸ்மா தானம் செய்யப் போனால் என்னென்ன நடக்கும்?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி. ஏற்கெனவே இரண்டு முறை இரத்தம் கொடுத்திருக்கிறார். மூன்றாவது முறை போனபோது, "அடுத்த தடவை பிளாஸ்மா கொடுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிளாஸ்மா என்றால் இரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபிறகு மிஞ்சும் திரவம். வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், காசு தருவார்களா, என்ன சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்பவை அவருடைய கேள்விகள். நான் கோலாலம்பூரில் ஐந்து வருடமாகக் கொடுத்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கிடையாது. அமெரிக்காவில் பணம் தரும் பிளாஸ்மா மையங்கள் உண்டு, அங்கே வாரத்துக்கு இரண்டு முறைகூடக் கொடுக்கலாம். யூடியூபில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். நம் மலேசியாவில் இரத்தமானாலும் பிளாஸ்மாவானாலும் தானம்தான். மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும். எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்குத்தான் அந்தச் சின்னப் பதிவுப் புத்தகம், தொலைத்துவிடாதீர்கள்.

நான் பிளாஸ்மா பக்கம் வந்ததற்குக் காரணம் என் இரத்த வகை. நான் ஏபி. ஏபி இரத்தத்தின் சிவப்பணுக்களை இன்னொரு ஏபி ஆளுக்கு மட்டும்தான் ஏற்றமுடியும். "யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான், இவனுடையது மட்டும் யாருக்கும் ஆகாது" என்று அம்மா கேலி செய்வார். பிளாஸ்மாவில் கணக்கு அப்படியே தலைகீழ். ஏபி பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்குமே எதிர்ப்புப் பொருள் இல்லை, ஆகவே எந்த வகைக்காரருக்கும் ஏற்றலாம். இதை ஒரு மிஸ்ஸி (எங்கள் ஊரில் தாதியை இப்படித்தான் கூப்பிடுவோம்) விளக்கிச் சொன்ன அன்று, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "சரி சரி, சாப்பிட வா" என்றார், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் முதலில் விசாரிக்கவேண்டிய இடம் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய இரத்த மையம், மலாயில் புசாட் டாரா நெகாரா. செந்தூலிலிருந்து கிட்டத்தான். சாதாரண இரத்த தானத்துக்கு நினைத்த நேரத்தில் போகலாம், பிளாஸ்மாவுக்கு அப்படிப் போய் நிற்காதீர்கள். இயந்திரம் வேண்டும், நேரமும் வேண்டும். முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு இரத்தம் கொடுத்துப் பழகியவர்களாகவும், கை நரம்பு நன்றாகத் தெரிபவர்களாகவும் பார்த்துத்தான் இதற்குக் கூப்பிடுவார்கள். உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் நரம்பு அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

போனதும் ஐசி (அடையாள அட்டை) கொடுத்துப் பதிவு, ஒரு நீளமான பாரம் (படிவம்), எடை, இரத்த அழுத்தம், விரலில் ஒரு குத்து. அந்தத் துளியில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். அதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பாரத்தில் இருக்கும் அந்தரங்கமான கேள்விகளுக்கு மட்டும் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எச்ஐவி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு, ஆனால் கிருமி உடம்பில் புகுந்த புதிதில் எந்தச் சோதனையிலும் சிக்காத சில நாட்கள் இருக்கின்றன. அந்த ஓட்டையை அடைப்பது உங்கள் பதில் ஒன்றுதான். நம் ஆட்கள் மறந்துபோகும் இன்னொன்று, அலகு. என் மாமா மகன் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுத்துவிட்டு, பங்குனியில் தானம் கொடுக்கப் போனான். பச்சை குத்துவது, காது குத்துவதுபோலத்தான் இதுவும் கணக்கு. சில மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "வேல் சுத்தமானதுதான் டாக்டர்" என்று வாதாடியும் பார்த்திருக்கிறான்.

இப்போது சாப்பாடு. இதில் என் மானமே போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் தடவை, வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நன்றாகப் பசியாறிவிட்டுப் போனேன். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ஒரு கோழித் துண்டு, தே தாரே (பால் தேநீர்). முந்தின இரவு வேறு கல்யாண வீட்டு ஆட்டிறைச்சி. இயந்திரம் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனதும் மிஸ்ஸி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிளாஸ்மா தெளிவான வெளிர்மஞ்சளாக இருக்கவேண்டும், வைக்கோல் ஊறிய தண்ணீர்போல. என்னுடையது பால் கலந்த தேநீர்போல இருந்தது. சாப்பிட்ட கொழுப்பு அத்தனையும் அதில் மிதக்கிறது. "அண்ணே, காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த சீனர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தப் பை யாருக்கும் பயன்படாது என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே முந்தின இரவிலிருந்தே எண்ணெய், தேங்காய்ப்பால், பொரித்தது எதுவும் வேண்டாம். காலையில் இட்டிலி, ரொட்டி, பழம் என்று ஏதாவது கட்டாயம் சாப்பிடுங்கள். பட்டினியாகப் போனால் மயக்கம் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், முந்தின நாளிலிருந்தே. பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர்தான். தண்ணீர் குடித்தால் நரம்பும் எடுப்பாகத் தெரியும்.

ஊசி வலிக்குமா? இரத்தம் கொடுக்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான், குத்தும் அந்த நொடி மட்டும். நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்தவர். அவருடைய பிளாஸ்மாவில் இருந்த அபூர்வமான எதிர்ப்புப் பொருளை வைத்து, ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களின் குழந்தைகளைக் காக்கும் ஊசிமருந்து செய்தார்கள். அவரே ஊசி ஏறுவதைப் பார்க்கமாட்டாராம். நமக்கென்ன வெட்கம்?

இரத்த தானத்தில் இல்லாத அனுபவம் ஊசி ஏறியபிறகுதான் தொடங்கும். ஒரே கையில், ஒரே ஊசி. கையில் கட்டிய பட்டை இறுகும்போது ரப்பர் பந்தை அமுக்கவேண்டும், இரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அங்கே ஒரு கிண்ணம் வேகமாகச் சுழன்று கனமான அணுக்களை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும், பிளாஸ்மா தனியாகப் பைக்குப் போகும். பிறகு பட்டை தளரும், மிச்ச இரத்தம் அதே ஊசி வழியாகத் திரும்பி வரும். அப்போது பந்தை அமுக்காதீர்கள். இப்படிப் பல சுற்று. என் எடை 72 கிலோ, சுமார் 500 மில்லி எடுப்பார்கள். ஊசி குத்தியதிலிருந்து எடுக்கும்வரை எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், பதிவு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம். இரத்தம் படும் குழாய், கிண்ணம் எல்லாமே உங்களுக்கென்று புதிதாகப் பிரித்தவை, முடிந்ததும் தூக்கிப்போட்டுவிடுவார்கள். இன்னொருவர் இரத்தம் கலந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இரத்தம் திரும்பி வரும்போது இரண்டு சங்கதி நடக்கும், எனக்கு முதல் தடவை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஒன்று, குளிர். வெளியே போய்வந்த இரத்தம் ஆறிப்போயிருக்கும், அறையில் ஏர்கான் வேறு. கை வழியாகக் குளிர் தோளுக்கு ஏறும். நான் இப்போது ஒரு கைத்தறித் துண்டு கொண்டுபோகிறேன். இரண்டாவது, உதட்டிலும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், வாயில் சில்லறைக் காசைச் சப்பினமாதிரி ஒரு சுவை. இரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் என்ற மருந்து சேர்க்கிறார்கள், அது இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த எறும்பு. நான் முதல் முறை பக்கவாதம் வருகிறது என்றே நினைத்து, சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முட்டாள்தனம். சொன்னால் இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள், ஐந்து நிமிடத்தில் போய்விடும். உதடு லேசாகத் துடித்தாலும் உடனே சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம், ஊசி நரம்பில் சரியாக உட்காராமல் இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார்கள். முழங்கை மடிப்பில் ரம்புத்தான் பழம் அளவுக்கு வீங்கி, ஒரு வாரம் ஊதாவும் பச்சையுமாக இருந்தது. முதல் நாள் ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன், தானாகவே மறைந்தது. அப்படி எரிந்தாலோ வீங்கினாலோ பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், நிறுத்தச் சொல்லலாம்.

கொடுத்த பிளாஸ்மா என்ன ஆகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதை உறையவைத்துவிடுவார்கள். இரத்தப்போக்கு நிற்காத நோயாளிக்கு வேண்டும்போது உருக்கி ஏற்றுவார்கள். ஈரல் கெட்டவர்களுக்கு இரத்தத்தை உறையவைக்கும் சத்து குறைந்துபோகும், அவர்களுக்கும் இது தேவைப்படும். தீக்காயக்காரர்களுக்கு ஏற்றும் ஆல்புமின், ஹீமோபீலியா என்ற, இரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ளவர்களுக்கான எட்டாம் காரணி (இரத்தத்தை உறையவைக்கும் ஒரு சத்து) போன்ற மருந்துகளும் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பவைதான்.

உடம்பு இதை ஓரிரண்டு நாளில் ஈடுசெய்துவிடும். சிவப்பணுக்கள் திரும்ப உங்களுக்கே வந்துவிடுவதால், முழு இரத்தம் கொடுத்தபிறகு வரும் அந்தச் சோர்வு எனக்கு இதில் வந்ததில்லை. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூடக் கொடுக்கமுடிகிறது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறேன், என் வேலை அப்படி.

முடிந்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். கால்மணி நேரம் உட்கார்ந்து மைலோ குடியுங்கள். அந்தக் கையால் அன்றைக்குக் கனமான சாமான் தூக்கவேண்டாம், ஃபுட்சால் மறுநாள் ஆடிக்கொள்ளலாம். சிகரெட் பிடிப்பவர் என்றால் இரண்டு மணி நேரமாவது விட்டுவையுங்கள், தலை சுற்றும். நீங்கள் மோட்டார் சைக்கிளில்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், இப்போது அந்த ஒரு நாள் மட்டும் கிராப் வாடகைக் கார் எடுத்துவிடுகிறேன். திரும்பும் வழியில் அதே மாமாக் கடையில் இறங்கி, காலையில் விட்ட நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.