பயாப்ஸியில் ‘சாதாரணத் தோல்’ என்று வந்திருந்தால்

வணக்கம் சகோதரி. ஆறு வயது மகளுக்குக் கீழ்முதுகில் தோல் நிறத்திலேயே கெட்டியான தடிப்புகள், வலி அரிப்பு இல்லை, பயாப்ஸியில் ‘சாதாரணத் தோல்’ என்று வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீர்கள். இது இணைப்புத்திசு நீவஸாக, அதாவது தோலைத் தாங்கும் இழைகளால் உண்டாகும் தீங்கற்ற தடிப்பாக, இருக்கலாம். அதில் தோலின் இழைப் புரதங்களான கொலாஜனோ எலாஸ்டினோ கூடியிருக்கும், ஆனால் நுண்ணோக்கியில் பார்க்கப் போடும் வழக்கமான சாயத்தில் சுலபமாகத் தெரியாது. பயாப்ஸிக்குத் தோல் துண்டை ஆழமாக எடுத்தார்களா, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து நல்ல தோலும் சேர்ந்திருந்ததா, எலாஸ்டின் இழைக்கான சிறப்புச் சாயம் போட்டார்களா என்று கேளுங்கள். பாரஃபின் பிளாக் (அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைத்த கட்டி) லேபில் இருந்தால், குழந்தையை மறுபடி குத்தாமலே அந்தச் சாயத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. உடம்பில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகள் உண்டா? எப்போதாவது வலிப்பு வந்ததா? கீழ்முதுகுத் தடிப்பு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற, தோலையும் மூளையையும் பாதிக்கும் மரபணு நோயிலும் வரும் என்பதால் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெளிறிய திட்டுகள், டாக்டர் வைத்திருக்கும் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரியும்.

வீட்டில் வேறு யாருக்காவது இதே தடிப்பு இருந்தால் புஷ்கே-ஓலன்டார்ஃப் என்ற, தோலிலும் எலும்பிலும் தெரியும் அரிய பரம்பரைக் கோளாறு பற்றியும் கேளுங்கள். எக்ஸ்ரேயில் கை, இடுப்பு எலும்புகளில் வெண்புள்ளிகள் தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு அவை தெரியாமலும் போகலாம், அதனால் பெற்றோருக்கும் எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தப் புள்ளிகளால் பொதுவாகத் தொந்தரவு இல்லை.