பாலிமரேஸுக்குப் பச்சைக்கொடி காட்டுவது யார்? – வாசகர் கேள்விகள்

மரபணு எப்போது வேலை செய்யும், எப்போது சும்மா கிடக்கும் என்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். சில பாடப்புத்தகத்திலிருந்தும் சில மருந்துச் சீட்டிலிருந்தும் வந்தவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் பாலிமரேஸ் நொதிக்கு எழுத நன்றாகத் தெரியும். எந்த மரபணுவை, எப்போது எழுதுவது என்றுதான் பிறர் சொல்ல வேண்டும்.

பால் சர்க்கரையான லாக்டோஸ் இல்லாதபோது பாக்டீரியாவின் ஒடுக்கிப் புரதம் லாக் ஓபரானை (லாக்டோஸைக் கையாள ஒன்றாக இயங்கும் மரபணுக் கூட்டத்தை) அடைத்து வைத்திருக்கும் என்று படித்தோம். லாக்டோஸ் செல்லுக்குள் வர பெர்மியேஸ் என்ற வாசல் புரதம் வேண்டும். அந்த பெர்மியேஸும் இதே ஓபரானில்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போகும்? – பிளஸ் டூ மாணவி, தருமபுரி

வகுப்பில் கேட்டீர்களா? கேட்டிருக்க வேண்டும். பதில் இதுதான்: அந்த அடைப்பு முழு அடைப்பு இல்லை. ஓர் ஈ.கோலை பாக்டீரியாவில் லாக் ஒடுக்கி மூலக்கூறுகள் ஏறக்குறைய பத்துதான் இருக்கும். டி.என்.ஏ.வை இறுகப் பிடித்திருந்தாலும் எப்போதாவது பிடி நழுவும். அந்த நொடியில் பாலிமரேஸ் புகுந்து ஒரு படி எடுத்துவிடும். அதிலிருந்து கொஞ்சம் பெர்மியேஸும் லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி கொஞ்சமும் உண்டாகும். முதல் லாக்டோஸ் உள்ளே நுழைவது இந்தக் கசிவின் புண்ணியத்தில்.

அப்புறம், ஒடுக்கியைக் கழற்றிவிடுவது நேரடியாக லாக்டோஸ் இல்லை. பீட்டா-கேலக்டோசிடேஸ் லாக்டோஸில் ஒரு பங்கை அல்லோலாக்டோஸாக மாற்றுகிறது. அதுதான் ஒடுக்கியில் போய் ஒட்டுகிறது. ஒடுக்கி விலக விலக பெர்மியேஸ் கூடும், லாக்டோஸ் இன்னும் வரும், நொதியின் அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும். (பரீட்சையில் ‘தூண்டி – லாக்டோஸ்’ என்றே எழுதிவிடுங்கள். திருத்துபவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.)

பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாகோபும் மோனோவும் 1961-இல் இந்த ஓபரான் மாதிரியை முன்வைத்தபோது கவனமெல்லாம் ஒடுக்கி மேல்தான் இருந்தது. ஆனால் ஒடுக்கி நகர்ந்தாலும் பாலிமரேஸ் அங்கே ஆசையாக வந்து உட்காராது. பாக்டீரியாவின் பாலிமரேஸுக்கு வழிகாட்டுவது சிக்மா என்ற துணைப்புரதம். டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்கு. மரபணு தொடங்கும் இடத்துக்குப் பத்து எழுத்து முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்றும், முப்பத்தைந்து எழுத்து முன்னால் டி-டி-ஜி-ஏ-சி-ஏ என்றும் இருந்தால் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். லாக் ஓபரானில் இருப்பதோ டி-ஏ-டி-ஜி-டி-டி, டி-டி-டி-ஏ-சி-ஏ. மொத்தம் மூன்று எழுத்து பிசகு. அதனால் பிடி தளர்வு. அங்கேதான் சி.ஏ.பி. என்ற புரதம் கைகொடுக்கிறது. குளுக்கோஸ் தீரும்போது செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடும், அதோடு சேர்ந்த சி.ஏ.பி. புரோமோட்டருக்கு (பாலிமரேஸ் வந்து பிடிக்கும் அந்த இடத்துக்கு) பக்கத்தில் அமர்ந்து பாலிமரேஸைத் தாங்கிப் பிடிக்கும். அருகிலேயே குளுக்கோஸ் இருக்கும்போது லாக்டோஸை உடைக்க ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கணக்கு.

இதற்கு நல்ல சாட்சி லாக்-யு.வி.5 என்ற திரிபு. அதில் பத்தாம் இடத்து எழுத்துகள் இலட்சிய வரிசைக்கே மாறிவிட்டன. விளைவு, சி.ஏ.பி. இல்லாமலேயே மரபணு வேகமாகப் படியெடுக்கப்படுகிறது. புரதத் தயாரிப்புக்காகப் பல ஆய்வகங்களில் வளர்க்கும் பி.எல்.21 (டி.ஈ.3) பாக்டீரியாவில் இருப்பது இந்தப் புரோமோட்டர்தான்.

ஒரு மரபணுவைப் படியெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? – பொறியியல் மாணவர், கோவை

ஈ.கோலையில் நொடிக்கு 40–50 எழுத்து. பீட்டா-கேலக்டோசிடேஸ் மரபணு சுமார் 3,000 எழுத்து; ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். நம் உடலில் தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் மரபணு 22 லட்சம் எழுத்துக்கு மேல். ஒரு படி எடுத்து முடிக்கப் பதினாறு மணி நேரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதில் 99 சதவீதத்துக்கு மேல் இன்ட்ரான், அதாவது புரதம் செய்யப் பயன்படாத இடைப்பகுதி; வெட்டி எறியப்படும்.

வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் நீளமே சில இடங்களில் கட்டுப்பாடாகிவிடுகிறது. பழ ஈயின் இளங்கருவில் உட்கரு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். நீண்ட மரபணுவைத் தொடங்கிய பாலிமரேஸ் முடிப்பதற்குள் பிரிவு வந்து எல்லாம் கலைந்துவிடும். குட்டை மரபணுக்களுக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் பேச்சுரிமை.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. இது பாக்டீரியாவின் பாலிமரேஸை நிறுத்தும் மருந்து என்று படித்தேன். நம் பாலிமரேஸையும் நிறுத்திவிடாதா? – வாசகர், மதுரை

நிறம் மருந்தின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அதிலும் கறை ஏறலாம்.

ரிஃபாம்பிசின் பாக்டீரியா பாலிமரேஸின் பீட்டா துணையலகில் ஒரு குழியில் போய்ச் செருகிக்கொள்ளும். பாலிமரேஸ் வேலையைத் தொடங்கும். இரண்டு மூன்று எழுத்து எழுதியதும் புது ஆர்.என்.ஏ. வெளியே வரும் வழியில் இந்த மருந்து முட்டும். அதற்கு மேல் நகராது. மனித பாலிமரேஸ்களில் அந்தக் குழியின் அமைப்பு வேறு. நாம் சாப்பிடும் அளவில் அவற்றை இது தொடுவதில்லை.

ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டுதான் இந்தக் குழியைத் தீர்மானிக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு இந்தத் துண்டில்தான் மாற்றம் இருக்கும். அரசு மருத்துவமனைகளில் சளியை வாங்கி ‘சிபிநாட்’ பரிசோதனை செய்கிறார்களே, அது தேடுவது இதைத்தான். இப்படி மாறிய கிருமி ஒன்றிரண்டு, கோடிக்கணக்கான கிருமிகள் உள்ள நுரையீரலில் மருந்து தொடங்கும் முன்பே தற்செயலாக இருக்கலாம். ஒரே மருந்து கொடுத்தால் அது மட்டும் தப்பிப் பெருகும். நான்கு மருந்து சேர்த்துக் கொடுப்பதும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சுவதும் அதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாக்டீரியாவில் படியெடுத்தலை நிறுத்தும் இதே மருந்து, உங்கள் கல்லீரலில் படியெடுத்தலைக் கூட்டுகிறது. அங்கே பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியில் ஒட்டி, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவை சீக்கிரம் கரைந்து பலன் குறையும். ரிஃபாம்பிசினை முடித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் இந்த விளைவு இருக்கும். வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் பால் ஒத்துக்கொண்டது. இப்போது ஒரு டம்ளர் குடித்தாலே வயிறு பொருமுகிறது. மரபணு கெட்டுவிட்டதா? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

மரபணு நன்றாகத்தான் இருக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டும்போது சிறுகுடலில் பாலின் லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதியின் மரபணு படியெடுக்கப்படுவது குறைவது பாலூட்டிகளின் இயல்பு. பெரியவரான பிறகும் சிலருக்கு அது ஓயாமல் நடப்பதற்குக் காரணம், லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்து முன்னால் ‘சி’ இருக்கும் இடத்தில் ‘டி’ வந்திருப்பது. 2002-இல் கண்டறிந்தார்கள். அந்த இடம் பக்கத்து மரபணு ஒன்றின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது! டி.என்.ஏ. வளைந்து மடிவதால் அவ்வளவு தூரத்திலிருந்தும் ஓர் எழுத்தால் பாலிமரேஸை உசுப்ப முடிகிறது. ஐரோப்பியரிடம் பரவலான இதே ‘டி’ இந்தியாவிலும் உண்டு. வடமேற்கில் அதிகம், நம் பக்கம் குறைவு.

தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். திடீரென்று ஆரம்பித்த தொந்தரவு என்றால் மட்டும் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.

‘டி.என்.ஏ. ஆக்டிவேஷன்’ வகுப்பில் சேர்ந்தால் உறங்கும் மரபணுக்கள் விழிக்கும் என்கிறார்களே? – வாசகர், சென்னை

காலையில் ஒரு கவளம் சோறு சாப்பிட்டாலே நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேகம் மாறும். இலவசம். பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நீலகிரியில் பழங்குடி நலப் பணியில் இருக்கிறேன். அரிவாள் செல் நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சை வந்துவிட்டதாமே? – செவிலியர், கூடலூர்

வந்திருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானதே உங்கள் மலையில்தான், 1952-இல். சிகிச்சையின் பெயர் காஸ்ஜெவி. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்தன. சுவாரசியம் என்னவென்றால், அது பழுதான ஹீமோகுளோபின் மரபணுவைத் தொடுவதே இல்லை.

இந்த நோயுள்ள குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவில் உண்டான ஹீமோகுளோபின் அதுவரை காக்கிறது. பிறகு பி.சி.எல்.11ஏ என்ற புரதம் அந்தக் கருக்கால ஹீமோகுளோபின் மரபணுவின் புரோமோட்டரில் உட்கார்ந்து அதை அணைத்துவிடும். அந்தப் புரதத்தையே ஒழித்தால் மூளைக்கும் நோயெதிர்ப்பு செல்களுக்கும் பாதிப்பு. ஆகவே சிவப்பணு மரபில் மட்டும் அதை முடுக்கும் தொலைத் தூண்டி என்ற டி.என்.ஏ. துண்டு ஒன்றை, நோயாளியின் சொந்த ரத்த மூலசெல்களில் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி கொண்டு வெட்டுகிறார்கள். சிவப்பணுவில் பி.சி.எல்.11ஏ குறையும், பழைய ஹீமோகுளோபின் திரும்பும்.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதோடு எலும்பு மஜ்ஜையை அழிக்கும் வீரியமான கீமோதெரபியும் தாங்க வேண்டும். இப்போதைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. உங்கள் பகுதியில் யாராவது ‘ஊசி வரப்போகிறது’ என்று நம்பி இந்த மாத்திரையை நிறுத்தியிருந்தால், முதல் வேலையாக மருத்துவரிடம் அழைத்துப்போய் மறுபடி தொடங்க வையுங்கள்.